தீர்ப்பு வந்தது 2007-ல், செல்லுபடியானது 2013-ல்: காவிரியின் கெசட் கூத்து

(திரையில்: மேட்டூர் அணை, மூடிய மதகுகள்)

வணக்கம் மக்களே. பதினாறு வருடத்துக்கு மேல் விசாரித்து, 2007 பிப்ரவரி 5-ஆம் தேதி காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு சொல்கிறது. தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி தண்ணீர்.) ஆனால் அதற்கப்புறம் ஆறு வருடம், அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டிய சட்டக் கட்டாயம் எந்த மாநிலத்துக்கும் இல்லை! காரணம், ஒரு காகிதம் அச்சாகவில்லை.

பழைய கதையை வேகமாக ஓட்டிவிடுகிறேன். மைசூரும் சென்னை மாகாணமும் 1892-லும் 1924-லும் ஒப்பந்தம் போட்டன. 1974-ல் 50 வருடக் கெடு முடிந்தது, சண்டை முற்றியது, 1990-ல் நடுவர் மன்றம் வந்தது. சரி, வரலாறு முடிந்தது. தள்ளிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரலாம்.

மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுச் சட்டம், 1956. அதில் 6-ஆம் பிரிவு. நடுவர் மன்றத்தின் முடிவை மத்திய அரசு கெசட்டில் வெளியிட வேண்டும். அப்போதுதான் அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தும். கும்பகோணத்தில் ஒரு மனை வாங்குகிறீர்கள். பணம் கொடுத்தாச்சு, பத்திரம் எழுதியாச்சு, சார்பதிவாளர் ஆபீசில் மட்டும் பதியவில்லை. வில்லங்கம் போட்டுப் பார்த்தால் யார் பெயர் வரும்? பழைய ஆள் பெயர்தான். தீர்ப்பும் அப்படித்தான் கிடந்தது.

மாநிலங்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின, நடுவர் மன்றத்திடம் விளக்கமும் கேட்டன. எல்லாம் நிலுவையில் இருக்கிறதே என்று டெல்லி கையைக் கட்டிக்கொண்டது. அதுவரை 1991-ன் இடைக்கால உத்தரவில், கர்நாடகம் வருடத்துக்கு மேட்டூருக்கு விடவேண்டும் என்று சொன்ன 205 டி.எம்.சி.தான் கணக்கு. என்னைக் கேட்டால் குற்றவாளி டெல்லிதான். ஆனால் சட்டமும் வசதி செய்து கொடுத்திருக்கிறது: வெளியிட வேண்டும் என்கிறது, எத்தனை நாளில் என்று சொல்லவில்லை. கடைசியில் உச்ச நீதிமன்றமே கெடு வைத்தது. 2013 பிப்ரவரி 19-ல் அச்சேறியது.

மார்ச்சில் தஞ்சாவூரில் விழா. முதல்வர் ஜெயலலிதாவுக்கு விவசாயிகள் 'பொன்னியின் செல்வி' பட்டம் கொடுத்தார்கள். கெசட் அறிவிப்புக்கு விழா எடுத்த ஊர் வேறு எங்காவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், லைக் போடுகிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் 1991. அந்த 205 டி.எம்.சி. உத்தரவு வந்த ஒரே மாதத்தில் கர்நாடகம் அவசரச் சட்டம் போட்டது: நீதிமன்றமோ நடுவர் மன்றமோ என்ன சொன்னாலும், தன் பாசனத்துக்குத் தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்ளுமாம். கேஸில் தோற்றவுடன் சட்டத்தையே மாற்றுகிற அந்தத் துணிச்சலைப் பாருங்கள்! குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். நவம்பர் 22-ல் பதில் வந்தது: செல்லாது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக உட்கார ஒரு மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. இடைக்கால உத்தரவும் டிசம்பரில் கெசட்டில் ஏறியது.

அந்தப் பழைய ஒப்பந்தங்கள்? சமஸ்தானங்கள் வெள்ளைக்காரர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளை நீதிமன்றம் தொடக்கூடாது என்று அரசியலமைப்பின் 363-ஆவது பிரிவு சொல்கிறது. இவை அந்த மாதிரி அரசியல் உடன்படிக்கைகள் இல்லை, செல்லும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, 1924 ஒப்பந்தம் 1974-லேயே காலாவதி என்றும் சொல்லிவிட்டது. இதில் யார் ஜெயித்தார்கள் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

(திரையில்: மாதப் பட்டியல்)

அதே தீர்ப்பில் நம் பங்கு 404.25 டி.எம்.சி. ஆனது. அதில் கர்நாடக எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலுவில் அளந்து வரவேண்டியது 177.25. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவை பிழைப்பதற்கு இந்த மூன்று எண்கள்தான் உயிர். மழை பொய்த்த வருடத்தில் எல்லார் பங்கும் விகிதப்படி குறையும். எவ்வளவு குறையும் என்பதில்தான் ஒவ்வொரு வருடமும் ரகளை.

கடைமடைக்காரர்களே, உங்கள் வாய்க்காலுக்குப் போன வருடம் எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது? ஊர் பெயரோடு எழுதுங்கள். இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு அடுத்த வீடியோ போடுகிறேன்.