மூன்று அரங்குகள், இரண்டு நடிகைகள்

அவைக்கு வணக்கம்.

அமெரிக்க நடிகைகள் என்றதும் ஆஸ்கர் பட்டியலோடு வந்திருப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். அந்தப் பட்டியலில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நாடகத்தில் பழகி, சினிமாவில் உயர்ந்து, வயதானபின் தொலைக்காட்சிக்கு இறங்கிவருவதுதான் ஒரு நடிகையின் பாதை என்று நாமே ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். சிசிலி டைசன், வயோலா டேவிஸ் என்ற இரண்டு கறுப்பின நடிகைகளிடம் அந்தக் கணக்கு செல்லுபடியாகாது.

டைசன் 1924இல் நியூயார்க்கில் பிறந்தார். பெற்றோர் கரீபியன் தீவான நெவிஸிலிருந்து வந்தவர்கள். 1963இல் சமூகநலப் பணியாளர்களைப் பற்றிய ஒரு தொலைக்காட்சித் தொடரில் செயலராக நடித்தார். சுருட்டை முடியை நேராக்காமல், குட்டையாக வெட்டி, இயல்பாக விட்டுக்கொண்டு திரையில் தோன்றினார். கறுப்பினப் பெண்கள் முடியை நேராக்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும் என்று எழுதாத சட்டம் இருந்த காலம் அது. அவரைப் பார்த்துப் பெண்கள் கடைக்கு வருவதை நிறுத்துகிறார்கள், பிழைப்பு கெடுகிறது என்று சிகை அலங்காரக்காரர்கள் கடிதம் எழுதினார்களாம், அவரே சொன்னது.

1972இல் வந்த 'சவுண்டர்' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. படத்தில் கறுப்பினச் சிறுவன் தன் தகப்பனை 'டாடி' என்று கூப்பிடுகிறான். என் மகனும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறான், இதை என்னால் ஏற்கவே முடியவில்லை என்றார் ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகையாளர். தன் இனத்தைச் சிறுமைப்படுத்தும் வேடங்களைத் தொடுவதில்லை என்று டைசன் உறுதியானது அதற்குப் பிறகுதான். அந்த உறுதிக்கு அவர் கொடுத்த விலை, வேலையில்லாத நீண்ட இடைவெளிகள்.

1974இல் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட படத்தில், அடிமையாகப் பிறந்த ஜேன் பிட்மன் என்ற பெண்ணின் வாழ்க்கையை இளமை முதல் 110 வயது வரை நடித்தார். அப்போது அவருக்கு வயது 49. கடைசிக் காட்சியில் அந்தக் கிழவி, வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட குடிநீர்க் குழாயை நோக்கித் தடியூன்றி நடக்கிறாள். அவசரமே இல்லை. போய்ச் சேர்ந்து, குனிந்து, குடிக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. அந்த ஒரு படத்துக்காக, தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் இரண்டு வந்தன.

ஹார்டன் ஃபூட் எழுதிய 'பவுன்டிஃபுல் பயணம்' 1953இல் முதலில் தொலைக்காட்சி நாடகமாக வந்தது, அதே ஆண்டு நியூயார்க்கின் நாடக அரங்குகளான பிராட்வேயில் மேடையேறியது. 1985இல் சினிமாவானபோது கிழவியாக நடித்த ஜெரால்டின் பேஜ் ஆஸ்கர் பெற்றார். படத்தைப் பார்த்த டைசன், எனக்கும் இப்படி ஒரு வேடம் வேண்டும் என்று தன் ஏஜென்டிடம் சொல்லிவைத்தார். வேடம் வந்தது 2013இல்! பிராட்வேயில் அவர் நடித்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மேடையில் அவர் ஞானப்பாட்டைத் தொடங்கினால் பார்வையாளர்களும் சேர்ந்து பாடினார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, தேவாலயத்தில் பாடிப் பழகிய பாட்டு. 88 வயதில், மேடை நாடகத்துக்கான டோனி விருது வாங்கினார்.

டேவிஸ் 1965இல் தென் கரோலினாவில் பிறந்து, ரோட் ஐலண்ட் மாநிலத்தில் கடும் வறுமையில் வளர்ந்தவர். நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைப்பள்ளியில் பயின்று, கறுப்பின நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சனின் நாடகங்களில் பெயர் பெற்றார். 2001இலேயே டோனி கையில் இருந்தது. ஆனால் சினிமா அவருக்குக் கொடுத்ததெல்லாம் துண்டு துண்டான வேடங்கள். 2010இல் பிராட்வேயில் வில்சனின் 'ஃபென்சஸ்' நாடகத்தின் ரோஸாக இன்னொரு டோனி பெற்றார். அதே ரோஸைத்தான் 2016 படத்திலும் நடித்து ஆஸ்கர் வாங்கினார். மேடையில் மாதக்கணக்கில் பேசி ஊறிய வசனத்தையே கேமரா முன் பேசினார் என்பதை விருது கொடுத்தவர்கள் நினைத்துப் பார்த்தார்களோ இல்லையோ!

இடையில் 2014இல் தொலைக்காட்சிதான் அவரைக் கதாநாயகியாக்கியது. சட்டப் பேராசிரியை வேடம். நான்காம் வாரத்தில் ஒரு காட்சி. படுக்கப் போகுமுன் கண்ணாடி முன் அமர்ந்து நகைகளைக் கழற்றுகிறாள். அடுத்து விக்கை எடுக்கிறாள். ஒட்டிய இமைமுடியைப் பிய்க்கிறாள், ஒப்பனையைத் துடைக்கிறாள். இப்படி ஒரு காட்சி வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் டேவிஸ்தான். 2015இல், நாடகத் தொடரின் சிறந்த கதாநாயகிக்கான எம்மியைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணானார்.

அந்தத் தொடரில் அவருக்குத் தாயாக வந்தவர், தொண்ணூறை எட்டிய டைசன். மகளைத் தன் முழங்கால்களுக்கு நடுவே உட்காரவைத்துத் தலை வாரிவிடுகிறாள் தாய். வாரிக்கொண்டே, அந்த வீட்டில் நெடுங்காலம் மூடிவைத்த பழைய கொடுமை ஒன்றைப் பேசுகிறாள். 1963இல் அந்த முடியோடு திரைக்கு வந்தவரின் விரல்கள் இவை என்று தெரிந்து பார்த்தால் காட்சியின் கனமே வேறு.

டைசனுக்குப் போட்டியில் ஆஸ்கர் கிடைக்கவே இல்லை. 2018இல், 93 வயதில், கௌரவ விருது கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் காலமானார். டேவிஸைப் புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் 2008இல் வந்த 'டவுட்' படத்திலிருந்து தொடங்குங்கள். மெரில் ஸ்ட்ரீப் எதிரே நிற்க, மகனுக்காக ஒரு தாய் பேசும் சில நிமிடங்கள்தான் அவருக்கு. மூக்கு ஒழுகுகிறது, துடைக்கத் தோன்றாமல் பேசிக்கொண்டே போகிறார்.