எய்தவன் இருக்க…

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, என்னைப் பேச அழைத்த செயலாளர் அவர்களே, முன்வரிசையில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் கால்நடை மருத்துவர் அம்மா அவர்களே, எனக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்து இன்றுவரை என் முழங்கையைக் குறை சொல்லும் பெரியவர் அவர்களே, வில்லாளர்களே, அவர்களோடு வந்து மாட்டிக்கொண்ட குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன முறை பொருளாளரை விட்டுவிட்டு ஆறு மாதம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பொருளாளர் அவர்களே, வணக்கம்.

அம்பு பட்ட மிருகத்தைத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, தேடுவது எப்படி. இரண்டு, வெறுங்கையோடு திரும்பியபின் மனதை என்ன செய்வது. மூன்று, மறுபடி வில்லை எப்போது எடுப்பது.

‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்பார்கள். தொலைத்துவிட்டு வருகிறவன் முதலில் நோவது அம்பைத்தான். முனை சரியில்லை, காற்று அடித்தது, மான் அசைந்துவிட்டது. மான் அசையாமல் என்ன செய்யும்? வேகமான வில்லின் அம்பே வினாடிக்குச் சுமார் 90 மீட்டர்தான் போகும். ஒலி 340 மீட்டர். நாணின் சத்தம் முந்திக்கொண்டு காதில் விழுந்துவிடுகிறது.

என் கதையைச் சொல்கிறேன். விடியற்காலை, பரணில் இருக்கிறேன். 28 மீட்டரில் ஒரு கலைமான், பக்கவாட்டில் நிற்கிறது. நாணை விட்டேன். அது ஓரடி முன்னால் வைத்தது. அவ்வளவுதான், நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றுக்குப் போயிற்று. முதுகை வளைத்துக்கொண்டு, ஓடாமல், மெல்ல நடந்து புதருக்குள் மறைந்தது. அந்த நடையே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். பத்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை, இறங்கிவிட்டேன். அம்பு கிடந்தது. அதில் இரத்தம் நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் பட்டது நுரையீரல், தேடப் போகும் முன் அரை மணி பொறுத்தால் போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், மூன்று நான்கு மணி நேரம். என் அம்பில் இருந்தது பச்சைக் கசடு. மோந்து பார்த்தேன், குடல் நாற்றம். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் காட்டை விட்டே விலகியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இந்த மேடையில் இருக்கும் பெரியவர்தான் சொல்லித்தந்தார். தெரிந்தே உள்ளே போனேன்.

நூற்றைம்பது மீட்டர் தாண்டி, புல் அமுங்கிய ஓர் இடம். கையை வைத்தேன், சூடு ஆறவில்லை. படுத்திருந்ததை நான்தான் எழுப்பி விரட்டியிருக்கிறேன்! அதற்குமேல் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. கடைசிச் சொட்டில் ஒரு நாடாவைக் கட்டிவிட்டு வட்டம் வட்டமாகத் தேடினேன். சாயங்காலம் மழை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தண்ணீர் ஓரமெல்லாம் பார்த்தேன். கிடைக்கவில்லை.

“காட்டில் எதுவும் வீணாகாது, நரி தின்னும்” என்று நண்பர்கள் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அதை நரி சொல்லலாம், நான் சொல்லக் கூடாது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? அந்தப் பருவம் முழுக்க வில்லைத் தொடவில்லை. தூக்கத்தில் அந்தப் புல்லின் சூடு கையில் வரும்.

சரி, இரண்டாவது விஷயத்துக்கு வந்துவிட்டோம். மான் செத்தது என்னை அரிக்கவில்லை. செத்ததா, எங்கோ கிடந்து துடிக்கிறதா என்று தெரியாததுதான் அரித்தது. அதற்கு எனக்குத் தெரிந்து ஒரே மருந்து நாய். சிரிக்காதீர்கள், செயலாளர் அவர்களே. இந்த மேடையில் நான்காவது ஆண்டாகச் சொல்கிறேன். மானின் குளம்புகளுக்கு நடுவே ஒரு சுரப்பி உண்டு. இரத்தம் நின்றாலும் ஒவ்வோர் அடியிலும் அதன் வாசனை மண்ணில் படும். பழகிய நாய் அதைப் பிடித்துக்கொண்டு போகும். ஜெர்மனியில் ஹானோவர் நாய், பவேரிய மலைநாய் என்று இதற்கென்றே வளர்த்த இனங்கள் இருக்கின்றன. இத்தனைக்கும் அங்கே வில் வேட்டைக்கு அனுமதி இல்லை, துப்பாக்கிக்காரர்கள்தான். அவர்களுக்கு இருக்கும் அக்கறை நமக்கு வேண்டாமா?

இரண்டு ஆண்டு கழித்து, நண்பர் ஒருவர் இதேபோல் தொலைத்தார். பதினெட்டு மணி நேரம் பழைய தடம். கயிற்றில் கட்டிய ஒரு கிழட்டு நாய் நாற்பது நிமிடத்தில் கண்டுபிடித்தது. நாங்கள் மூன்று முறை தாண்டிப்போன ஓடைக்கரையில்தான் கிடந்தது. நண்பர் அழுதார். நானும்தான், என் மானுக்காக.

வேட்டைக்கு நாய் கூடாது என்று சில இடங்களில் உள்ள விதி, காயம்பட்டதைத் தேடும் நாயையும் சேர்த்தே கட்டிப்போட்டிருக்கிறது. கயிற்றில் நடக்கும் நாயை அதிலிருந்து விலக்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். நம் சங்கம் ஒரு நாயையாவது பழக்க வேண்டும். அதை இன்றே தீர்மானமாக நிறைவேற்றினால் பொருளாளரை இனி எந்த மேடையிலும் மறக்கமாட்டேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது விஷயம் அடுத்த ஆண்டு. மனு கதவருகே மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன். வெளியே கட்டியிருப்பது அந்தக் கிழட்டு நாயின் பேத்தி. தடவிக்கொடுங்கள், தயவுசெய்து பிஸ்கட் மட்டும் போடாதீர்கள், பயிற்சியில் இருக்கிறது. நன்றி, வணக்கம்.