தாராசுரம்: குனிந்து பார்க்க வேண்டிய கோயில்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 200 அடிக்கு மேல். கங்கைகொண்ட சோழபுரத்தில் அது கொஞ்சம் குறைகிறது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தாராசுரம் போனால் 80 அடிதான். இந்தக் கணக்கைக் காட்டி, "சோழர் கை தளர்ந்த காலத்துக் கோயில்" என்று சொல்லிவிடுகிறார்கள். அரசியலுக்கு அது ஓரளவு பொருந்தும். கல்வேலைக்குப் பொருந்தாது என்பது என் கட்சி. தஞ்சையில் அண்ணாந்து பார்க்கிறோம். தாராசுரத்தில் குனிந்து பார்க்க வேண்டும். நின்று, எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்கிற கோயில் அது.

கட்டியவன் இரண்டாம் இராசராசன், 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அவன் பெயரால் இராசராசேச்சரம், ஊர் இராசராசபுரம். அந்தப் பெயர்தான் நாவில் உருண்டு உருண்டு தாராசுரம் ஆகிவிட்டது. இந்திரனின் யானை ஐராவதம் பூசித்து வெள்ளை நிறம் திரும்பப் பெற்ற தலபுராணம் உங்களுக்குத் தெரியும். அதனால் சுவாமி ஐராவதேசுவரர். 2004-இல் யுனெஸ்கோ இதையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் தஞ்சைக் கோயிலோடு உலக மரபுச் சின்னமாகச் சேர்த்தது.

எல்லோரும் முதலில் படம் எடுக்கும் இடம் தேர் மண்டபம். இராசகம்பீரன் திருமண்டபம் என்று அதற்குப் பெயர். அரசனின் பட்டப்பெயர்களில் ஒன்று அது. சக்கரமும் இழுத்துப் பாயும் குதிரையுமாக மண்டபத்தையே தேராக்கியிருக்கிறார்கள். கொனாரக் சூரியன் கோயில் இதற்குச் சுமார் நூறு ஆண்டு பிந்தியது. இதை அடிக்கடி "தென்னகத்துக் கொனாரக்" என்பவர்களுக்காகச் சொல்கிறேன்! உள்ளே தூண்களில் மன்மதன் எரிந்தது, உமை தவம் செய்தது, குமரன் பிறந்தது என்று கதை சின்னச் சின்னக் கட்டங்களாக ஓடுகிறது. யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பத்தை வழிகாட்டிகளே காட்டிவிடுவார்கள். தட்டினால் ஓசை வரும் பலிபீடப் படிகளையும் காட்டுவார்கள். அவற்றுக்கு நான் நேரம் செலவிடப்போவதில்லை.

நான் உங்களை நிறுத்த விரும்பும் இடம் கருவறையின் வெளிச்சுவர். மாடங்களில் நிற்கும் தெய்வங்களை விட்டுவிட்டுப் பார்வையைக் கீழே இறக்குங்கள். அடித்தளத்தில், ஒரு முழத்துக்கும் குறைந்த உயரத்தில் ஒரு சிற்ப வரிசை சுற்றி வருகிறது. அறுபத்துமூவர் வரலாறு. இதில் நேரக்கணக்கு முக்கியம். சேக்கிழார் பெரிய புராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலம் என்பது மரபு. அவனுக்கு அடுத்து வந்தவன் இந்த இராசராசன். பாடல் அரங்கேறி ஒரு தலைமுறைக்குள் கல்லில் ஏறிவிட்டது! பாட்டைக் காதால் கேட்டவர்கள் இன்னும் உயிரோடு இருந்திருப்பார்கள். சிற்பி தன் விருப்பத்துக்குக் கதையை மாற்றியிருந்தால் உடனே பிடித்திருப்பார்கள்.

சுந்தரரும் முதலையும் வரும் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். அவிநாசியில் ஒரு வீட்டில் பூணூல் கலியாணம். எதிர்வீட்டில் அழுகை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகக் குளிக்கப் போனவர்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. அவன் இருந்திருந்தால் அவனுக்கும் இன்று பூணூல். சுந்தரர் பதிகம் பாட, விழுங்கிய முதலை அவனைத் திருப்பித் தருகிறது, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்த்தியோடு. எவ்வளவு பெரிய கதை! சிற்பிக்குக் கிடைத்த இடமோ சாண் கணக்கு. இரண்டு வீடுகளையும் அழுகையையும் விட்டுவிட்டு, முதலை வாயிலிருந்து பிள்ளை வெளிவரும் கணத்தைப் பிடித்துக்கொண்டான். மற்றதைப் பார்ப்பவன் தானே சொல்லிக்கொள்வான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனாலும் முழுவதும் நம் நினைவை நம்பி விடவில்லை. சிற்பங்களோடு இன்னாருடைய கதை என்று தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தானக் கல்வெட்டு அதிகாரிகளுக்கும் வழக்குக்கும் வேண்டியது. இந்தச் சிறு எழுத்து யாருக்கு? நடந்து போகிறவனுக்கு. 12-ஆம் நூற்றாண்டில் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரிந்திருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். கூட்டத்தில் ஒருவன் படித்துச் சொன்னால் போதுமே!

இந்தப் பழக்கம் கோயில் முழுக்க இருக்கிறது. திருச்சுற்று வடபுறச் சுவரில் சைவ அடியார் உருவங்கள் 108, பெயரோடு. கோபுர மாடங்களிலும் இன்ன தெய்வம் என்று பெயர் வெட்டியிருக்கிறார்கள். பல மாடங்களில் சிலை போய்விட்டது. எழுத்தை வைத்துத்தான் அங்கே யார் நின்றார் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வெளிக் கோபுரத்தில் மேல்நிலைகள் இடிந்து அடிப்பகுதிதான் நிற்கிறது.

எழுத்து இல்லாவிட்டால் நமக்குத் தெரியாமலே போயிருக்கக்கூடிய இன்னொருவர் உண்டு. தாராசுரத்தில் ஒரு துவாரபாலகர், அதாவது வாயிற்காவலர், சிலை கிடைத்தது. கருங்கல், பருத்த உடல். சாளுக்கியச் சாயல், சோழர் கைவண்ணம் இல்லை. பீடத்தில் தமிழ் எழுத்து: விசயராசேந்திர தேவர் கல்யாணபுரம் எறிந்து "கொடுவந்த" துவாரபாலகர். விசயராசேந்திரன் என்பது முதலாம் இராசாதிராசன். சாளுக்கியர் தலைநகரைச் சூறையாடியபோது தூக்கிவந்த வெற்றிப் பொருள் இது. அந்தப் போர் 11-ஆம் நூற்றாண்டில். இந்தக் கோயில் எழுந்தது அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து. ஆக, இடையில் அவர் வேறெங்கோ காவல் நின்றிருக்கிறார். சோழரின் பழையாறை அரண்மனை பக்கத்திலேயே இருந்தது. அங்கே இருந்திருக்கலாம் என்பது என் ஊகம், அவ்வளவுதான்.

இப்போது அவர் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறார். தாராசுரம் போகிறவர்கள் திரும்பும் வழியில் அவரையும் பார்த்துவிடுங்கள். கோயிலுக்குக் காலையிலோ சாயங்காலமோ போங்கள். வெயில் சாய்ந்து விழும்போதுதான் தேய்ந்த எழுத்து கண்ணுக்குப் பிடிபடும். உச்சி வெயிலில் போனால் கல் சூட்டைத் தவிர ஒன்றும் மிஞ்சாது.