டியூப்பில் ஆற்றில் மிதக்கப் போகிறீர்களா? இதையெல்லாம் கரையிலேயே முடித்துவிடுங்கள்

(காட்சி: ஆற்றங்கரை மணலில் காற்றடித்த கறுப்பு லாரி டியூப்)

வணக்கம். வெயில் காலத்தில் டியூப்பில் சாய்ந்து, கால் இரண்டையும் வெளியே தொங்கவிட்டு, ஆறு இழுத்த இழுப்புக்குப் போவது தனி சுகம். ஆனால் டியூப்புக்கு பிரேக் கிடையாது, திருப்பவும் வழி கிடையாது, கையால் துழாவினால் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். அதனால் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் விட்டுவைக்காதீர்கள்.

முதலில் எங்கே கரையேறுவது என்று முடிவு செய்யுங்கள். எங்கே இறங்குவது என்பது அப்புறம். அந்த இடத்துக்கு நேரில் போய், தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற மாதிரி ஒரு மரத்தில் பளிச்சென்ற துணியைக் கட்டிவிட்டு வாருங்கள்.

இடையில் தடுப்பணை இருக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள். உயரம் குறைவான தடுப்பணை, மேலிருந்து வருகிறவருக்கு தண்ணீரில் ஒரு கோடு மாதிரிதான் தெரியும். அதன் கீழே விழுகிற தண்ணீர் சுருண்டு மறுபடி சுவரை நோக்கியே திரும்பும், சிக்கியவரை அங்கேயே புரட்டிக்கொண்டிருக்கும், லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் தப்புவது கஷ்டம். வழியில் தடுப்பணை இருந்தால் வேறு பகுதியைத் தேர்ந்தெடுங்கள்.

இறங்குகிற இடத்தில் வானம் தெளிவாக இருந்தாலும் மேலே மழை பெய்திருக்கலாம், அணையைத் திறந்திருக்கலாம். தண்ணீர் கலங்கி, கிளையும் சருகுமாக வந்தால், சற்று முன் தெரிந்த கல் இப்போது முழுகியிருந்தால், அன்றைக்கு வேண்டாம். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். இடி கேட்டால் உடனே கரையேறுங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை இறங்காதீர்கள்.

(காட்சி: டியூப்பின் வால்வு, மிக அருகில்)

சரி, டியூப்புக்கு வருவோம். இந்த வால்வு முனையைப் பாருங்கள், இதன் மேல் உட்கார்ந்தால் முதுகையோ தொடையையோ கிழித்துவிடும், கீழ்ப்பக்கம் திருப்பி வையுங்கள், அல்லது துணியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். வெயிலில் காற்று விரியும், அதனால் முழுக்க அடித்துக் கரையில் போட்டு வைக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் போட்டதும் டியூப் கொஞ்சம் தொய்வதும் அதனால்தான், ஓட்டை என்று பயப்பட வேண்டாம்.

டியூப் உயிர் காக்கும் சாதனம் இல்லை, கவிழ்ந்தால் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். லைஃப் ஜாக்கெட் உடம்பில்தான் இருக்க வேண்டும், டியூப்பின் மேல் அல்ல. போட்டு எல்லாப் பட்டையையும் இறுக்கிய பிறகு, ஒருவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள், ஜாக்கெட் முகத்துக்கு ஏறினால் அது உங்களுக்குத் தளர்ச்சி. நீச்சல் தெரிந்தவர்களும் போட வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தானாகவே உள்ளே இழுக்கும், அந்த முதல் ஒரு நிமிடம் நீந்தப் பார்க்காமல் மிதந்தபடி மூச்சைச் சீராக்குவதுதான் வேலை.

காலில் பட்டை வைத்த, விரல் மூடிய செருப்போ ஷூவோ இருக்கட்டும். டியூப்களைக் கயிறு போட்டு ஒன்றோடொன்று கட்டாதீர்கள், உங்களையும் டியூப்போடு கட்டாதீர்கள், கயிறு ஒரு பாறையில் மாட்டினால் அவிழ்க்க ஓட்டம் விடாது. மது வேண்டவே வேண்டாம். குடிதண்ணீர், தண்ணீர் புகாத பையில் போன், கழுத்தில் ஒரு விசில், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன், இவ்வளவு போதும்.

(காட்சி: மல்லாந்து மிதக்கும் ஒருவர், கால் விரல்கள் தண்ணீருக்கு மேலே)

இப்போது சொல்வதைக் கரையிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். கவிழ்ந்தால் ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். முழங்கால் ஆழம்தானே என்று தோன்றும், ஆனால் பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டினால் பின்னாலிருந்து வருகிற ஓட்டம் ஆளை முன்னால் மடக்கி முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்திவிடும். மல்லாந்து படுங்கள், கால்கள் ஓட்டம் போகிற பக்கம், விரல்கள் மேலே, கையால் துழாவி மெதுவாகக் கரைப்பக்கம் ஒதுங்குங்கள்.

இதற்கு ஒரே விதிவிலக்கு, விழுந்து கிடக்கிற மரம். வளைவின் வெளிப்பக்கத்தில் ஓட்டம் வேகமாக இருக்கும், மரங்களும் அங்கேதான் சாய்ந்து கிடக்கும். கிளைகளுக்கு இடையே தண்ணீர் போகும், நாம் போக மாட்டோம். தூரத்திலேயே பார்த்து வளைவின் உள்பக்கம் ஒதுங்குங்கள். ஒதுங்கவே முடியாமல் மோதத்தான் போகிறோம் என்றால் மட்டும் குப்புறத் திரும்பி, தலை முன்னால் இருக்க மரத்தை நோக்கி வேகமாக நீந்தி, அதன் மேல் ஏறிவிட வேண்டும்.

கடைசியாக, எங்கே இறங்குகிறீர்கள், எங்கே, எத்தனை மணிக்கு ஏறுவீர்கள் என்று கரையில் இருக்கிற ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் கட்டிய துணி கண்ணில் பட்டதுமே கரைப்பக்கம் துழாவ ஆரம்பியுங்கள், நேர் எதிரே வரும்வரை காத்திருந்தால் தாண்டிப் போய்விடுவீர்கள். ஏறியதும் அவருக்கு ஒரு போன் போடுங்கள்.