பழைய போஸ்ட்கிரஸ் கம்பைல் ஆகவில்லையா? கடைசி எரரை விடுங்கள், முதல் எரரைத் தேடுங்கள்

[திரையில்: டெர்மினலில் எரர் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன]

வணக்கம். நின்றுபோன ஒரு பழைய சர்வரின் டேட்டா ஃபோல்டர் மட்டும் உங்கள் கையில் இருக்கிறது, அது போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 9.5 வெர்ஷன் காலத்தது. புது போஸ்ட்கிரஸை அதன்மேல் ஓட்டினால், ஃபைல்கள் இந்த சர்வரோடு ஒத்துப்போகாது என்று சொல்லி நின்றுவிடும். மேஜர் வெர்ஷன் மாறினால் அப்படித்தான். அதே 9.5-ஐ ஓடவைத்து டம்ப், அதாவது வேறு வெர்ஷனில் ஏற்றக்கூடிய டேட்டா நகல், எடுத்தாக வேண்டும். லினக்ஸ் டிஸ்ட்ரோவில் அந்த பேக்கேஜ் இல்லை, சோர்ஸை இறக்கி, கம்பைல் செய்யும் மேக் கமாண்டைக் கொடுத்தால் திரை முழுக்க எரர்.

ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்தக் கோடு கெட்டுப்போகவில்லை. அன்றைய கம்பைலரில் ஒழுங்காக ஓடிய கோடுதான் அது. கம்பைலரும் லைப்ரரிகளும்தான் விதிகளை மாற்றிக்கொண்டன. அதனால் சோர்ஸுக்குள் கை வைக்கும் முன்னால், எந்த விதி மாறியது என்று கண்டுபிடியுங்கள்.

கம்பைல் செய்வதற்கு முன்பே பாதிப் பிரச்சினையைத் தீர்க்க வழி இருக்கிறது. 9.5.0-ஐ எடுக்காதீர்கள், அந்த வரிசையின் கடைசியான 9.5.25-ஐ எடுங்கள். மைனர் வெர்ஷன் மாறினாலும் டேட்டா ஃபோல்டர் அப்படியே திறக்கும். ஒரு உதாரணம்.

[திரையில்: "காப்பி_ஃபைல்_ரேஞ்ச்" என்ற பெயர் வரும் எரர் வரி]

போஸ்ட்கிரஸோடு வரும் பிஜி_ரீவைண்ட் கருவிக்குள் இந்தப் பெயரில் ஒரு ஃபங்ஷன் இருந்தது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.27 (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) அதே பெயரில் தன் ஃபங்ஷனைக் கொண்டுவந்ததும் இரண்டும் மோதிக்கொண்டன. பின்னால் வந்த மைனர் வெர்ஷன்களில் போஸ்ட்கிரஸ்காரர்களே பெயரை மாற்றிவிட்டார்கள், நீங்கள் உட்கார்ந்து திருத்த வேண்டியதே இல்லை.

சரி, அதற்கு அப்புறமும் எரர் வருகிறதா? மேக் கமாண்டை ஜே8 போட்டு ஓட்டாதீர்கள். பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது உண்மையான எரர் எங்கோ நடுவில் புதைந்துபோகும், கடைசியில் தெரிவது "எரர் 2" என்ற வெறும் வரிதான். தனியாக ஓட்டி, வெளியீட்டை ஒரு ஃபைலில் சேமித்து, மேலிருந்து தேடுங்கள். முதலில் வரும் எரர்தான் முக்கியம், அதற்குக் கீழே இருப்பதில் பெரும்பகுதி அதன் விளைவு.

[திரையில்: ஜிசிசி வெர்ஷன்களும் வருடங்களும்]

இப்போது சி கம்பைலரான ஜிசிசி. 2020-இல் வந்த ஜிசிசி 10-இலிருந்து, எக்ஸ்டெர்ன் இல்லாமல் ஹெடரில் எழுதிய குளோபல் வேரியபிள் "மல்டிபிள் டெஃபினிஷன்" என்று லிங்க் ஆகும்போது நிற்கும். கம்பைலருக்கு -எஃப்காமன் என்ற ஃப்ளாக் கொடுத்தால் பழைய நடத்தை திரும்ப வரும். 2025-இன் ஜிசிசி 15, சி மொழியின் புதிய தரமான சி23-ஐ இயல்பாக எடுத்துக்கொள்கிறது. அதில் பூல் என்பது மொழியின் சொந்தச் சொல். போஸ்ட்கிரஸ் 9.5-இன் ஹெடரோ கேரக்டர் டைப்புக்கு பூல் என்று தானே பெயர் வைத்திருக்கிறது, உடனே முட்டிக்கொள்ளும். பழைய தரத்துக்குத் திருப்பும் -எஸ்டிடி=குனு17 போதும். இதை ஃப்ளாக்குகளுக்கான சிஃப்ளாக்ஸில் போட்டால், மேக்குக்கு முன் ஓட்டும் போஸ்ட்கிரஸின் கான்ஃபிகர் தன் வழக்கமான வேக மேம்பாட்டு ஃப்ளாக்கான -ஓ2-வை விட்டுவிடும், அதனால் கம்பைலர் பெயரைச் சொல்லும் சிசி-யிலேயே ஜிசிசி-க்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது 2024-இன் ஜிசிசி 14. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் முன்பு வெறும் எச்சரிக்கை, இப்போது எரர். இணையத்தில் தேடினால் இதை மீண்டும் எச்சரிக்கையாக மாற்றும் ஒரு ஃப்ளாக் கிடைக்கும், போட்டால் கம்பைலும் ஆகிவிடும். டேட்டாபேஸ் விஷயத்தில் தயவுசெய்து அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். அறிவிப்பு இல்லை என்றால் கம்பைலர் அந்த ஃபங்ஷன் இன்ட் திருப்பித்தரும் என்று வைத்துக்கொள்கிறது. அது உண்மையில் பாயின்டரைத் தந்தால், 64 பிட் முகவரியில் பாதி வெட்டுப்பட்டுப் போகும். கம்பைல் ஆகும், ஓடவும் செய்யும், எங்கோ ஒரு இடத்தில் சரியும். விடுபட்ட ஹெடரைச் சேர்ப்பதுதான் முறை.

இதே மாற்றம் இன்னொரு வேலையும் செய்கிறது. கான்ஃபிகர் என்பது உள்ளுக்குள் குட்டிக் குட்டி சோதனை நிரல்களை கம்பைல் செய்து பார்ப்பதுதான். பழைய கான்ஃபிகரின் சோதனை நிரலே பழைய பாணியில் இருந்தால் புது ஜிசிசி அதை நிராகரிக்கும். கான்ஃபிகரோ "இந்த வசதி கணினியில் இல்லை" என்று தவறாகக் குறித்துக்கொண்டு மேலே போய்விடும். எரரே வராது! கான்ஃபிக்.லாக் ஃபைலைத் திறந்து, "நோ" என்று விழுந்த இடங்களுக்கு என்ன காரணம் என்று படியுங்கள். ரீட்லைன் லைப்ரரி இல்லை என்று சொல்வதும் அங்கேதான் புரியும், பெரும்பாலும் அதன் ஹெடர்கள் உள்ள டெவ் பேக்கேஜ் போடாமல் விட்டிருப்போம்.

வேண்டாத வசதிகளை விட்டுவிடுங்கள். அதே கணினியில் டம்ப் எடுக்க, நெட்வொர்க் இணைப்பைக் குறியாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் எதற்கு?

ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று முளைக்கிறது என்றால் நான் போராட மாட்டேன். பழைய லினக்ஸான டெபியன் 9-ஐ ஒரு கன்டெய்னரில், அதாவது கணினிக்குள் தனியான ஒரு சூழலில், எழுப்புவேன். அதில் ஜிசிசி 6.3, ஜிலிப்சி 2.24, அதாவது 9.5 பழகிய சூழல். அதன் பேக்கேஜ்கள் இப்போது டெபியனின் ஆர்கைவில் இருக்கின்றன, மூல முகவரியை மட்டும் மாற்ற வேண்டும்.

[திரையில்: மேக் செக் ஓடுகிறது]

கம்பைல் முடிந்ததும் போஸ்ட்கிரஸின் சொந்தச் சோதனைகளான மேக் செக் ஓட்டுங்கள், இதைத் தாண்டாதீர்கள். அப்புறம் டேட்டா ஃபோல்டரை ஒரு நகல் எடுத்து, சர்வரை அந்த நகலின்மேல் மட்டும் துவக்குங்கள். டம்ப் எடுக்கப் புது வெர்ஷனின் பிஜி_டம்ப்பையே பயன்படுத்தலாம், போஸ்ட்கிரஸ் 15-உடன் வருவதுகூட 9.2 வரைக்கும் பழைய சர்வர்களோடு பேசும்.