மருமகன் எண்ணிய ஐந்தரை ஸ்பூன்

வணக்கம் மக்களே. இன்றைக்குப் பாளையங்கோட்டையில், அக்கா வீட்டு மொட்டை மாடியில் இருந்து பேசுகிறேன். பின்னால் பஸ் சத்தம் கேட்கும், கண்டுகொள்ளாதீர்கள்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்தச் சேனலில் பாதி வீடியோ ராத்திரி புரோட்டாதான். "அண்ணாச்சி, சால்னாவைத் தாராளமா ஊத்துங்க" என்று நான் கேட்டதைப் பார்த்துவிட்டுக் கடை தேடிப் போனவர்கள் உங்களில் உண்டு. ஆகவே உபதேசம் செய்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது.

அக்கா மகனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு கூல்டிரிங்க்ஸ், ஒரு பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். வாங்கிக் கொடுப்பது யார்? தாய்மாமன் நான்தான். வண்டியில் சும்மா உட்கார்ந்து வருவான் இல்லையா, அதற்குக் கூலி.

நேற்றுதான் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். 100 மில்லிக்கு 11 கிராம் சீனி. பாட்டில் 250 மில்லி. இதோ, இந்தத் தம்ளரில் போட்டுக் காட்டுகிறேன். ஸ்பூனைக் குவித்து அள்ளினால் ஐந்து கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு... மருமகன்தான் எண்ணினான். ஐந்தரை! ஒரு பெரிய ஆளே நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். "மாமா, டீயில இவ்வளவு போட்டா அம்மா அடிப்பாளே" என்கிறான். நியாயம்தானே?

பாக்கெட்டின் பின்னால் சேர்மானம் எழுதியிருக்கும். எடை அதிகமானது முதலில் வரும். இதில் உருளைக்கிழங்குக்கு அடுத்ததே பாமாயில். பள்ளிக்கூட வாசலில் இருந்து 50 மீட்டருக்குள் இந்த மாதிரிக் கொழுப்பும் உப்பும் சீனியும் மிஞ்சியதை விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. நான் வாங்குகிற கடைக்கு வாசலில் இருந்து இருபது எட்டுதான்.

அதற்காக நம்ம ஊர்ப் பண்டம் எல்லாம் அமிர்தம் என்று சொல்ல வரவில்லை. அல்வா என்றால் என்ன? கோதுமைப்பால், சீனி, நெய். ஆனால் எங்கள் ஆச்சி காலத்தில், யாராவது டவுனுக்குப் போய் வந்தால்தான் அல்வா. இலையில் மடித்த நூறு கிராமை வீடு முழுக்கப் பங்கு போட வேண்டும். முந்திரிக்கொத்து தீபாவளிக்கு மட்டும். இப்போது நமக்குச் செவ்வாய்க்கிழமையும் தீபாவளிதான்.

சரி, இன்றைக்குப் பனங்கிழங்கு அவித்திருக்கிறோம், மஞ்சளும் உப்பும் போட்டு. இப்படி இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தை எடுத்துவிட்டு, நாரை உரித்துத் தின்ன வேண்டும். மருமகன் பத்து நிமிடமாக நார் உரிக்கிறான். வாயே திறக்கவில்லை.

என்னலே, எப்படி இருக்கு?

"பரவால்ல மாமா. கொஞ்சம் மிளகுப்பொடி போட்டா நல்லாருக்கும்."

இருங்கள், கீழே போய் எடுத்து வருகிறேன்.