எஸ்டிமேட் போடப் போன எடம்

வணக்கம்ங்க. நான் பேச்சாளர்லாம் கெடையாது, கட்டட கான்ட்ராக்டரு. தாத்தா கொத்தனாரு, அப்பா கொத்தனாரு, நான் டிப்ளமோ படிச்சுட்டு சட்டப் பையில பேனா குத்திக்கிட்டுத் திரியிறேன், அம்புட்டுதான் வித்தியாசம். ஒரு பழைய பள்ளிக்கூடத்த இடிக்கணும், எஸ்டிமேட் போட்டுக் குடுங்கன்னு ஒருத்தர் போன் பண்ணாப்ல, எங்கிட்டு இருக்குன்னு கேட்டா நம்ம மதுரை கீழமாரட் வீதிக்குப் பின்னாடி சந்துலன்னு சொல்றாரு, எனக்கு அதுக்கு மேல பேச்சே வரல, ஏன்னா ஒண்ணாப்புலருந்து அஞ்சாப்பு வரைக்கும் நான் படிச்சது அங்கனதான். பேரு சொல்ல மாட்டேன். நிர்வாகத்துக்கும் எனக்கும் பில் பாக்கி ஒண்ணு இழுத்துக்கிட்டு இருக்கு, மேடையில வச்சு வம்பு வேணாம்.

மாரட் வீதின்னா என்னான்னு நம்ம வீட்டுப் பிள்ளைககிட்ட கேட்டுப் பாருங்க, வெங்காயம்னு சொல்லும். தப்பில்ல, மொத்த வெங்காய மார்க்கெட் அங்கதான. ஆனா அந்தப் பேரு ஒரு சர்வேயரு பேரு. 1840 வாக்குல பிளாக்பர்ன்னு ஒரு கலெக்டரு ஊரச் சுத்தி இருந்த கோட்டைச் சுவர இடிச்சு அகழிய மூட வச்சாரு, சர்க்கார் பணத்துலயே பூராத்தையும் செஞ்சா கட்டாதுன்னு, சுவர இடிச்சு அகழிய எவன் நெரவுறானோ அவனுக்கே அந்த எடம்னு சொல்லிட்டாரு, நம்மாளுக விடுவாங்ளா, மம்பட்டியத் தூக்கிட்டாங்க. அளந்து குடுத்தவரு மாரட், வேலைய நடத்துனவரு பெருமாள் மேஸ்திரி, ரெண்டு பேரு பேருலயும் இன்னைக்கும் வீதி இருக்கு, கலெக்டருக்கு வெளக்குத்தூண் இருக்கு. ஒரு மேஸ்திரி பேருல மதுரையில வீதி! எங்க தொழில்ல இருக்குறவனுக்கு இதவிட என்ன வேணும் சொல்லுங்க, எங்கப்பா அந்தப் பக்கம் சைக்கிள்ல போனா பெல் அடிச்சுட்டுத்தான் போவாரு.

இதை ஏன் சொல்றேன்னா, ஸ்கூலோட கெழக்குச் சுவருல மேல எறவாணத்துலருந்து ஜன்னல் மூலை வரைக்கும் சாய்வா ஒரு வெடிப்பு, என் உள்ளங்கை நுழையும். அது செங்கலோட தப்பு இல்ல, கொத்தனாரு தப்பும் இல்ல. கொட்டி நெரவுன மண்ணு எத்தன வருசம் ஆனாலும் ஒரு பக்கம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிக்கிட்டே இருக்கும். என் கணக்குல அந்தச் சுவருக்குக் கீழ இருக்குறது மூடுன அகழி.

பூட்டு தொறக்கவே ஒரு மணி நேரம். கேட்டுக்கு முன்னாடி ஆளு ஒசரத்துக்கு வெங்காய மூட்டை, அண்ணாச்சி கொஞ்சம் தள்ளுங்கன்னா, ஏன் தம்பி ஸ்கூலு தொறக்கப் போறாங்களான்னு கேக்குறாரு, ஒரு மாதிரி ஆயிருச்சு எனக்கு. உள்ள போனா வாசப்படி, தாழ்வாரம், முத்தம், சுத்தி நாலு ரூம்பு, மேல ரெண்டு. மணி அடிக்கிற தண்டவாளத் துண்டு அப்படியே தொங்குது, அடிக்கிற கம்பியத்தான் காணோம். முத்தத்துல முன்னாடி ஒரு கீத்துக் கொட்டகை இருந்துச்சு, மூணாப்பு அதுலதான் நடக்கும், 2004 சூலையில கும்பகோணத்துல 94 பிள்ளைங்க எரிஞ்சு போச்சே, அதுக்கப்புறம் எல்லா ஊர்லயும் கூரையப் பிரிச்சாங்கள்ல, அப்பப் பிரிச்சது, தூண் நட்ட குழி மட்டும் சிமெண்ட்டு வச்சு அடைச்சுருக்கு.

பழைய கட்டடத்துக்குள்ள போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், இப்ப நெறைய பசங்க கேமராவத் தூக்கிட்டுக் கெளம்பிருதுக. அனுமதி வாங்காமப் போகாதீக, அது மொத விசயம். ரெண்டாவது, மெட்ராஸ் டெரஸ் மாடியில ரூம்புக்கு நடுவுல கால வைக்காத, சுவர ஒட்டியே நட. அது எப்படிப் போட்டுருப்பாங்கன்னா, தேக்கு உத்தரத்த வரிசையா போட்டு, அது மேல அச்சுக்கல்லுங்குற சின்ன செங்கல படுக்க வைக்காம ஓரமா நிறுத்தி மூலைவாட்டுல சுண்ணாம்பு வச்சு அடைச்சு, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறுன தண்ணிய தெளிச்சுத் தெளிச்சு கட்டையால நாள் கணக்கா தட்டுவாங்க, பொம்பளைக வரிசையா உக்காந்து பாட்டுப் பாடித் தட்டுவாங்கன்னு எங்கப்பாயி சொல்லும், கடைசியா மேல தட்டை ஓடு பதிப்பாங்க. நூறு வருசம் நிக்கும். நிக்காமப் போறது எதனாலன்னா ஒரு கை இலையால. மாடித் தூம்புல வேப்பெலை அடைச்சுக்கும், எடுக்க ஆளில்ல, மழைத்தண்ணி நிக்கும், சுவத்துக்குள்ள செருகுன உத்தரத்து முனை இருக்கு பாருங்க, அது வெளிய தெரியாம உள்ளயே மக்கும். கீழ நின்னு பாத்தா கட்டை கம்பீரமா இருக்கும், முனையில சாவிய வச்சுக் குத்துனா கேப்பை மாவு மாதிரி கொட்டுது. போதாததுக்கு நடுவுல எவனோ ரிப்பேருன்னு சொல்லி சுண்ணாம்புச் சுவருக்கு மேல சிமெண்ட்டப் பூசி வச்சுருக்கான், சுவரு மூச்சு விட முடியாம ஈரம் உள்ளயே நின்னு பொரிஞ்சு பொரிஞ்சு விழுது. எங்க தொழில்லயே இப்படி ஆளு இருக்கான், என்ன செய்ய.

என் அஞ்சாப்பு ரூம்புக்குப் போனேன். சுவத்துல மேப்பு ஒண்ணு, கரையான் பாதி தின்னுருச்சு, மிச்சத்துல சென்னை ராஜ்யம்னு போட்டுருக்கு. 69லயே தமிழ்நாடுன்னு மாத்தியாச்சு, நான் படிச்சது எழுபதுகள்ல, அப்பவும் இத வச்சுத்தான் நடத்திருக்காங்க போல! கரும்பலகை சுவத்துலயே பூசுனது, கோவை இலையும் அடுப்புக்கரியும் அரைச்சு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கதான் தேய்ப்போம், கையி ரெண்டு நாளைக்குப் போகாது. பெஞ்சு பூராம் காம்பஸ் முள்ளால கீறுன பேரு. இந்தக் கீழடியில பானை ஓட்டுல ஆதன்னு ஒருத்தன் பேரக் கீறி வச்சுருக்கான்ல, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுருக்காங்க, க்யூவுல நின்னு பாத்தேன். இங்க ஒரு பெஞ்சுல 14 பேரு. என் பேரும் இருக்கு, அத எழுதுனதுக்கு வாத்தியாரு அடிச்ச அடி என் முட்டியில இருக்கு.

இது ஏன் மூடுச்சு? வாத்தியாருக சரியில்லைன்னு சொல்லுவாங்க, இங்கிலீஷ் மீடியத்துக்கு ஓடிட்டாங்கன்னு சொல்லுவாங்க, அதுவும் உண்டுதான். ஆனா ஒரு கட்டடக்காரனா நான் பாக்குறது வேற. மாசி வீதிக்குள்ளயும் மாரட் வீதியிலயும் குடியிருந்த வீடுகளப் பூராம் நாங்கதான குடோனாவும் லாட்ஜாவும் மாத்திக் குடுத்தோம், ஆளுக அண்ணா நகரு, கே.கே.நகரு, திருநகருன்னு போயிட்டாங்க, ராத்திரி எட்டு மணிக்கு மேல அந்தச் சந்துல லைட்டு எரியிற வீடு மூணு. வீடு இல்லாத தெருவுல பிள்ளைக்கு எங்க போறது? கடைசியா 11 பிள்ளைங்க இருந்துருக்கு. 2021 டிசம்பர்ல நெல்லையில ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரு விழுந்து மூணு மாணவங்க செத்ததும் எல்லா எடத்துலயும் பழைய கட்டடத்தச் சோதிச்சாங்க, வந்து பாத்துட்டு இதுல உக்கார வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. சொன்னது சரிதான், நானா இருந்தாலும் அதையேதான் சொல்லிருப்பேன்.

ஹெச்.எம். ரூம்பு பீரோவுல சேர்க்கைப் பதிவேடு கெடந்துச்சு, காலிகோ அட்டை, எலி ஒரு ஓரத்தக் கடிச்சுருக்கு. எஸ்டிமேட்ட விட்டுட்டு தரையில உக்காந்துட்டேன். பேரு, தகப்பன் பேரு, தொழிலு, அங்க அடையாளம், பொறந்த தேதி. தொழில்ல நெசவு, சாயம், வண்டி, சுமை, கொத்து. பொறந்த தேதியப் பாத்தா சிரிப்பு, பக்கத்துக்குப் பக்கம் மே, சூன், மே, சூன். தேதி யாருக்குங்க தெரியும், வலது கையத் தலைக்கு மேல கொண்டுபோயி இடது காதத் தொட்டா அஞ்சு வயசு, சூன்ல ஸ்கூலு தொறக்கும்போது அஞ்சு முடிஞ்சுருக்கணும், வாத்தியாரு ஒரு தேதியப் போட்டுருவாரு. 1946 பக்கத்துல எங்கப்பா இருந்தாரு. சூன் 1ன்னு போட்டுருக்கு. எங்கப்பாயி கடைசி வரைக்கும் சொல்லும், தெப்பத்தன்னைக்கு மாரியம்மன் கோயில்ல சாமி சுத்தி வர்ற நேரத்துல வலி எடுத்துச்சுன்னு. தெப்பம் தைப்பூசத்துக்கு, தை மாசம். ரேஷன் கார்டு, ஆதாரு, எல்லாத்துலயும் அந்த சூன் 1தான், அப்பா செத்தப்ப நான் குடுத்த பேப்பருலயும் அதுதான்.

பதிவேட்ட கல்வி ஆபீசுல ஒப்படைச்சு கையெழுத்து வாங்கி வச்சுருக்கேன், அது கட்டடம் மாதிரி இல்ல, திருப்பிக் கட்ட முடியாது. அதுக்கு முந்துன நாளு, வாசல்ல வெங்காயம் பொடைக்கிற ஒரு அக்கா உள்ள வந்துச்சு. நானும் இங்க மூணாப்பு வரைக்கும் படிச்சேன் தம்பி, என் பேரு இருக்கான்னு பாருன்னுச்சு. தேடுனேன், இருந்துச்சு. வலது புருவத்தில் ஒரு தழும்புன்னு எழுதிருந்துச்சு, நிமிந்து பாத்தா இருக்கு. கடைசிக் கட்டத்துல, தொடர்ந்து வராமையால் நீக்கம். நீயே படின்னு புஸ்தகத்தக் குடுத்தேன், வெரல வச்சு எழுத்துக் கூட்டி பேரப் படிச்சுச்சு, அடுத்த கட்டத்தப் படிக்கல, கை ஈரத்த சேலையில தொடச்சுட்டு மூட்டைக்குப் போயிருச்சு.

எஸ்டிமேட் குடுத்துட்டேன். இடிக்க ஒரு ரேட்டு, முன்பக்க ரூம்பு ரெண்டையும் பதிவேட்டு அறை, படிப்பகம்னு நிறுத்தி வைக்க ஒரு ரேட்டு, அவங்க கேட்டது ஒண்ணுதான், நான் ரெண்டாக் குடுத்தேன். பதில் வரல. சாவி இன்னும் என்கிட்டதான் இருக்கு, ஆளுகளக் கூட்டிட்டுப் போயிக் காட்டலாமான்னு கேட்டு வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை வெள்ளனா ஆறரைக்கு, லாரி வர்றதுக்கு முன்னாடி, வெளக்குத்தூண்கிட்ட நிப்பேன். செருப்பு வேணாம், ஷூ போட்டு வாங்க, ஆணி கெடக்கு. ஒரு தடவைக்கு ஆறு பேருதான், மாடிப்படி அதுக்கு மேல தாங்காது.